அன்றைக்கு நான் கேம் ஆடவில்லை

என் வீட்டுக்காரருக்குக் கிணற்றுக்குள் கரண்ட் அடித்த மதியம், நான் செல்போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன் என்பது சின்னமனூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். அவருடைய அக்காவுக்குத் தெரியும், என் அலுவலகத்தில் தெரியும், பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். தெரியும் என்றால் அப்படி நம்புகிறார்கள். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். நாலு மாதம் அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினேன். அதனால் அடிபட்டது நானும் இல்லை, அவரும் இல்லை.

எனக்குப் பெரியகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. சின்னமனூரில் ஏறித் தேனியில் பஸ் மாற வேண்டும். போகவர மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரமும் புத்தகம்தான். ஜன்னல் சீட்டு கிடைத்தால் வீரபாண்டி எப்போது வந்தது, போடி விலக்கு எப்போது போனது என்று தெரியாது. நின்றுகொண்டே போனாலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். ஒருநாள் ஒரு கண்டக்டர், "ஏக்கா, டிக்கெட்டு எடுத்துட்டுப் படிங்கக்கா, பஸ்ஸு ஓடிப் போயிராது" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் பையைத் திறந்தேன்.

இதற்காகக் கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்டிருக்கிறேன். என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, பக்கத்துத் தெரு. அவர் வரும்போது நான் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் போதும், "என்னத்தா, கலெக்டருக்குப் படிக்கியா? ஒலையில பருப்பு தீயுற வாசம் அடிக்குது" என்பார். பருப்பு தீயாத நாளிலும் சொல்வார். நான் விடமாட்டேன். "பருப்பு தீஞ்சா வேற பருப்புப் போட்டுக்கிடலாம் மதினி, உங்க வாய்க்குத்தான் மாத்து கெடையாது" என்று சொல்லிவிட்டேன் ஒருமுறை. ஆறு மாதம் பேசவில்லை. எனக்கு அந்த ஆறு மாதம் நிம்மதியாக நிறையப் படிக்க முடிந்தது.

கேம் பிறகு வந்தது. எங்கள் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு லீவு நாளில் என் போனைப் பிடுங்கி, "டீம்ல ஒரு ஆளு கொறையுதும்மா, நீ வா, சும்மா நில்லு போதும்" என்று அதில் ஏற்றிவிட்டாள். ஏதாவது ஒரு தீவில் இறக்கிவிடுவார்கள், அதை மேப்பு என்பார்கள். துப்பாக்கி தேடி எடுக்க வேண்டும். நேரம் ஆக ஆக இருக்கிற இடம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசி வரை சாகாமல் இருக்கிறவர்கள் ஜெயித்தவர்கள். முதல் வாரம் நான் புல்லுக்குள் படுத்தே கிடந்தேன். "இப்பிடிப் படுத்துக் கெடக்குறதுக்கா வந்த?" என்று என்னைக் கேலி செய்தாள். பிறகு பிடிபட்டுவிட்டது. அவளைவிட நன்றாகச் சுட்டேன் என்றால் நம்புவீர்களா? நம் கூட்டாளி யாராவது அடிபட்டுத் தவழ்ந்து வந்தால் அவரைப் போய்த் தூக்கிவிட வேண்டும், ஏழெட்டு விநாடிக்குள். அதில் நான் கில்லாடி. மற்றவர்கள் தங்கள் உயிரைப் பார்ப்பார்கள், நான் ஓடிப் போய்த் தூக்கிவிடுவேன்.

நடுவில் போன் வந்தால் ஆட்டம் கெட்டுப்போகும். அதற்கு என் போனில் ஒரு செட்டிங் போட்டுக் கொடுத்தாள் மகள். கேம் ஓடும்போது எந்தப் போனும் குறுக்கே வராது. என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். "ஆத்தாளும் மகளும் சுட ஆரம்பிச்சிட்டீகன்னா நான் வாசல்ல வந்து கத்துனாத்தான் உண்டு" என்பார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான். எங்கள் வீட்டில் அவருக்குத்தான் கோபம் வராது. அவர் பங்கையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் மார்க்கையன்கோட்டை போகும் வழியில் இருக்கிறது. வாழையும் கொஞ்சம் தென்னையும். இந்தப் பக்கம் கிணற்றில் இறங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் மோட்டார் ரூமுக்குப் போய் மூன்று ஃப்யூஸ் கட்டையையும் பிடுங்குவார்கள். அதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டுதான் படியில் கால் வைப்பார்கள். கட்டை அவர்கள் இடுப்பில் இருக்கும்வரை எவனும் மோட்டாரைப் போட முடியாது. யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை, சோற்றுக்கு முன் கை கழுவுகிற மாதிரி அது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்தோம். அது ஒரு பெட்டி, உள்ளே ஒரு சிம். நம் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்து ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும். மூன்றை அமுக்கினால் ஆட்டோ, அதாவது மோட்டாருக்கென்று தினம் சில மணி நேரம் விடுகிற த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் பதிவு செய்த ஒரு போனுக்குத்தான் கட்டுப்படும். மெக்கானிக் வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரருடைய போன் ரிப்பேருக்குப் போயிருந்தது. "உங்க வீட்டம்மா நம்பரப் போட்டு விடுறேன், பெறகு மாத்திக்கிடலாம்" என்று மெக்கானிக் சொன்னார். மாற்றவே இல்லை. அடுத்த வாரம், பொங்கல் கழித்து, வாழைத்தார் வெட்டின பிறகு என்று தள்ளிக்கொண்டே போனது.

அதனால் ஒரு புதுப் பழக்கம் வந்தது. அவர் கிணற்றில் இறங்கும் முன் எனக்குப் போன் அடிப்பார். "ஆட்டோவ ஆஃப் பண்ணு, எறங்கப் போறேன்." நான் பெரியகுளத்தில் ஃபைலுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டை அமுக்குவேன், ஆட்டோவும் ஆஃப் ஆகிவிடும். மேலே ஏறியதும் மறுபடி அடிப்பார், ஆட்டோவில் போடுவேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு கிணற்றைக் காவல் காக்கிறேன் என்று பக்கத்து மேசைக்காரரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்குகிற வேலை கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. நாங்கள் இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

அன்றைக்கு இரண்டாம் சனிக்கிழமை. எனக்கு லீவு. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அந்த வாரம் த்ரீ ஃபேஸ் மதியம் இரண்டு மணிக்கு. நான் கூடத்துத் தரையில் தலையணையைப் போட்டுப் படுத்து, நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு தடித்த நாவலின் கடைசி முப்பது பக்கத்தில் இருந்தேன். கதையில் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்புவாளா மாட்டாளா என்கிற கட்டம். பத்து நாளாகப் பஸ்ஸில் அவளோடுதான் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஒன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. அவர் பெயர் வந்தது. சோற்றைத் தோட்டத்துக்கு எடுத்து வரச் சொல்வார் என்று நினைத்தேன். பசித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரட்டுமே, கால் இல்லையா? எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. அரை நிமிடத்தில் மறுபடி அடித்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு நாள் லீவு, ஒரு அரை மணி நேரம் ஒரு பொம்பளையைப் படிக்க விடுகிறார்களா பார் என்று நினைத்துக்கொண்டே போனைக் குப்புறக் கவிழ்த்தேன். மூன்றாவது முறை அது தரையில் அதிர்ந்துகொண்டே கொஞ்சம் நகர்ந்தது. நகர்ந்ததைப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த நேரத்தில் அவர் கிணற்றின் பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார். மோட்டார் சரியாகத் தண்ணீர் ஏற்றவில்லை. கரண்ட் வர இன்னும் நேரம் இருக்கிறதே என்று இறங்கி, தண்ணீருக்குள் கிடந்த மோட்டாரைக் கயிறு போட்டுப் படிக்கு இழுத்து வைத்து, அதன் சல்லடையில் அடைத்திருந்த சருகைத் தோண்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஆட்டோவில் கிடப்பது ஞாபகம் வந்திருக்கிறது. கயிற்றை விட்டால் மோட்டார் மறுபடி உள்ளே போய்விடும். இடக்கையில் கயிறு, வலக்கையில் போன். மூன்று தடவை அடித்திருக்கிறார். நான் எடுக்காததும், "சரி, ரெண்டு மணிக்கு இன்னும் நேரங் கெடக்கு" என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்.

கரண்ட் பத்து நிமிடம் முன்னால் வந்துவிட்டது. ஒயர் ஜாயின்ட்டில் சுற்றியிருந்த டேப் பிரிந்து ஈரப் படியில் கிடந்தது. மோட்டார் தானாகக் கிளம்பி, கரண்ட் அவரைத் தூக்கி எறிந்துவிட்டது.

எனக்கு மறுபடியும் போன் வந்தபோது புது நம்பர். எடுத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. புருஷன் பெயர் வந்த மூன்று தடவையும் எடுக்காதவள், யாரென்றே தெரியாத நம்பரை முதல் ரிங்கில் எடுத்தேன்.

பேசியது பக்கத்துத் தோட்டத்து அண்ணன். "தங்கச்சி, பதறாத. மாப்ளைக்குக் கெணத்துல கரண்டு அடிச்சிருச்சு. சத்தங் கேட்டு ஓடியாந்து மெயின ஆஃப் பண்ணிட்டேன். தூக்கிப் போட்டதுல கை ஒடிஞ்சு தொங்குது, தண்ணிக்குள்ள விழுந்து கெடந்தாக. உசுரு இருக்கு. தேனிக்குக் கொண்டு போறோம், நீ நேரா அங்கன வந்துரு."

உசுரு இருக்கு என்று ஏன் சொல்கிறார், இல்லாமல் போகிற மாதிரி இருந்ததா என்றுதான் என் புத்தி போனது. செருப்புப் போட்டேனா, கதவைப் பூட்டினேனா, ஒன்றும் ஞாபகம் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டு கிடைத்தது. வீரபாண்டி வருகிறவரை ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணினேன்.

ஆஸ்பத்திரியில் அவரை ஸ்ட்ரெச்சரில் பார்த்தேன். கண் திறந்திருந்தது. வலக்கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. உள்ளங்கையில் கருகிய காயம். என்னைப் பார்த்து, "போன் அடிச்சேனே" என்றார். அவ்வளவுதான். குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை அது. அதற்குள் உள்ளே கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே என் நாத்தனார், பக்கத்துத் தோட்டத்து அண்ணன், டியூஷனிலிருந்து நாத்தனார் கையோடு அழைத்து வந்திருந்த என் மகள். நாத்தனார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மூணு தடவ அடிச்சேன்னு சொல்றான். ஏன்த்தா எடுக்கல? வீட்டுலதான இருந்த? என்ன செஞ்சுக்கிட்டிருந்த?"

படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினைந்து வருடச் சண்டையும் ஞாபகத்துக்கு வந்தது. ஒலையில் பருப்பு தீயும்போது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் என்று அவர் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும். போன் அடித்தது தெரியுமா என்று அடுத்துக் கேட்பார். தெரியும் என்று சொல்ல வேண்டும். ஆனால் கேம் என்றால்? கேம் ஆடினால் போன் வருவதே தெரியாது. எல்லாருக்கும் அது தெரியும்.

"கேம் ஆடிக்கிட்டிருந்தேன் மதினி" என்றேன். "போன் வந்ததே தெரியல."

சொல்லிவிட்டுத்தான் மகளைப் பார்த்தேன். டியூஷன் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பாவுக்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு வசதியாக இருந்தது.

அன்று சாயங்காலமே எல்லார் முன்னாலும் கேமை என் போனிலிருந்து அழித்தேன். என்ன ஒரு நாடகம்! நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்றார். என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். கைக்குள் பிளேட் வைத்துக் கட்டுப் போட்டார்கள். பத்து நாளில் வீடு வந்தோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் எங்கள் வாழைக்கும் சேர்த்துத் தண்ணீர் பாய்ச்சினார். எல்லாம் ஓரளவுக்கு நேராகிவிட்ட மாதிரிதான் இருந்தது.

மகள் மட்டும் நேராகவில்லை. அவளிடம் கேம் ஆடுகிற டேப்லெட் ஒன்று இருந்தது. யாரும் கேட்காமலே அதைத் துணி மூட்டைக்கு அடியில் போட்டு பீரோவை மூடினாள். போன் எங்கே அடித்தாலும் ஓடினாள். நான் குளித்துக்கொண்டிருந்தால் பாத்ரூம் கதவைத் தட்டி, "அம்மா போனு, அம்மா போனு" என்று கத்துவாள், அது கம்பெனிக்காரன் விளம்பரமாக இருந்தாலும். அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக்கு வெளியே தெரிகிற விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஒருநாள் நான் தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று கேட்டாள்:

"அப்பா செத்துப் போயிருந்தாகன்னா என்னையப் போலீஸ்ல பிடிச்சிருப்பாகளாம்மா?"

"போடி லூசு. உன்னைய எதுக்குப் பிடிக்கிறாக?"

"அந்த செட்டிங் போட்டுக் குடுத்தது நாந்தான?"

தோசைக் கரண்டி கையிலேயே இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே அடுப்பை அணைத்துவிட்டு, இல்லடி, நீ இல்ல, நான், என்று சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்றேன். தோசையைத் திருப்பிப் போட்டேன். அவள் தட்டோடு போய்விட்டாள். எத்தனை முறை என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டாலும் அந்தத் தோசைப் பாவம் தீராது எனக்கு.

இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. வீட்டில் புத்தகத்துக்கு மரியாதை வந்துவிட்டது. நாத்தனார் என் மகளை உட்கார வைத்து, "செல்போனக் கையால தொடாத தாயி. உங்கம்மா மாதிரிப் புத்தகம் படி. நான் எத்தன கேலி பண்ணியிருக்கேன், அன்னைக்கு ஒரு புத்தகம் படிச்சிக்கிட்டிருந்தான்னா எந்தம்பி கை தப்பிச்சிருக்கும்ல?" என்றார். பதினைந்து வருடம் இந்த வார்த்தைக்காகத்தான் மல்லுக்கு நின்றேன். வந்தபோது நெருப்பை விழுங்குகிற மாதிரி இருந்தது. அந்த நாவலின் கடைசிப் பக்கங்களைப் படிக்காமலே நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து போனேன். கேமில் முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் எழுந்து ஓடினேனே, கதையில் வருகிறவளுக்காகப் பத்து நாள் பதறினேனே, இந்த மனுஷனுக்கு ஒரு போனை எடுக்க ஏன் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது? அவர் எப்போதும் இருப்பார் என்கிற திமிர்தான். வேறு ஒன்றுமில்லை.

கட்டு அவிழ்த்த பிறகு, நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தோட்டத்துக்குப் போனோம். ஸ்டார்ட்டரில் நம்பரைக் கடைசியாக மாற்றிவிடுவது என்று முடிவு. விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை அவருக்கு. அதனால் மோட்டார் ரூமுக்குள் மகள்தான் அவர் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். வாழைக்குள் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். "பாப்பா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னைக்கு மூணு தடவ அடிச்சேன்ல, மூணு தடவையும் கடைசி வரைக்கும் ரிங்கு போச்சு. கேம் ஆடும்போது அப்பிடிப் போகுமா?"

"போகாதுப்பா" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. "ஒரு ரிங்குகூடப் போகாது. ஒடனே கட்டாகி பிஸின்னு வரும். அப்பிடித்தான் வச்சுக் குடுத்தேன்."

சொல்லி முடித்ததும் அவள் விரல் நின்றது. மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவருக்கு இன்னும் உறைக்கவில்லை, பெட்டிக்குள் ஒயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றாள், "அன்னைக்கு எந்த மேப்பு ஆடுன?"

எனக்கு எல்லா மேப்பும் மனப்பாடம். ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கலாம். போன் என்னவோ கோளாறு செய்திருக்கும் என்று சமாளித்திருக்கலாம், அவர் நம்பியும் இருப்பார். நாக்கு நுனியில் ஒரு மேப்பின் பெயர்கூட வந்துவிட்டது. அவள் இமைக்காமல் நின்றாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை, போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஆடலடி" என்றேன். "புத்தகம் படிச்சுக்கிட்டிருந்தேன். போன் அடிச்சது தெரியும். அப்பா பேரையும் பாத்தேன். எடுக்கல."

அவர் நிமிர்ந்தார். "மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

அவர் பக்கத்தில் கிடந்த உர மூட்டையில் உட்கார்ந்து, மடங்காத அந்த விரல்களை மறு கையால் பிடித்துக்கொண்டார். மகள் கத்துவாள் என்று காத்திருந்தேன். என் கோபம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, போனைத் தூக்கி என் மூஞ்சியில் எறிவாள் என்றுகூட நினைத்தேன். எறிந்திருக்கலாம். காதோடு சொல்கிற மாதிரிச் சன்னமாகக் கேட்டாள்.

"அப்ப நான் இல்லியாம்மா?"

"இல்லடி. நீ இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

என்னிடம் அவள் வரவில்லை. அவரிடம் போனாள். தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆஸ்பத்திரியில் நின்ற நாளிலிருந்து ஒரு சொட்டு அழாத பிள்ளை. அவர் சரியாக வராத கையாலேயே அவள் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்லாட்டிப் போகுது" என்றார். "இவளுக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் அழுது முடிக்கிறவரை வாசலிலேயே நின்றேன்.